இருபத்திரண்டு கொக்கிகள்

நவம்பர் 3, ஞாயிறு

நாளை முதல் அம்மா எங்கள் பள்ளியில் மழலையர் வகுப்பு டீச்சர். நான் அங்கே எட்டாம் வகுப்பில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. பழைய டீச்சரின் கணவருக்கு மாற்றல் வந்ததால் அவர் பாதி வருஷத்தில் கிளம்பிவிட்டார்.

இன்று வகுப்பறையைச் சுத்தம் செய்யப் போனோம். அம்மாவை வாசலிலேயே தலைமையாசிரியை பிடித்துக்கொண்டார், ஒரு மணி நேரம் விடவில்லை. அதற்குள் நான் தனியாக ஒரு நல்ல வேலை செய்தேன். பை மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே ஓரம் சுருண்டு, அழுக்கேறிப்போன காகிதப் படங்கள் ஒட்டியிருந்தன. எல்லாவற்றையும் நகத்தால் சுரண்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பதிவேட்டைப் பார்த்து இருபத்திரண்டு பெயர்களையும் ஸ்கேல் வைத்து எழுதி ஒட்டினேன். திரும்பி வந்த அம்மா, "அடியே, அச்சடிச்ச மாதிரி இருக்கே!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் அம்மாவை நிரந்தரம் ஆக்குவார்களாம். இல்லையென்றால் மறுபடியும் சித்தப்பா வீட்டு ஹால்தான். சித்தி வழியனுப்பும்போதே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "உங்க ரெண்டு பேர் பாயையும் சுருட்டி அப்படியே வெச்சிருக்கேன்க்கா. யாருக்கும் குடுக்க மாட்டேன்."

நவம்பர் 4, திங்கள்

போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள். 

காலையில் முதல் மணி அடிப்பதற்குள் மழலையர் வகுப்பில் ஒரே அழுகை. ஒன்று அழுதால் பரவாயில்லை, இருபதுக்கு மேல்! ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றும் கொக்கி கொக்கியாக அலைகிறது. "என் மீன் எங்க? என் மீனு!" "என் குடையக் காணோம்!"

ஐயோ. நாலு வயசுக் குழந்தைங்களுக்குப் படிக்கத் தெரியாதே. இது எனக்கு ஏன் தோணல? அச்சடிச்ச மாதிரி எழுதி என்ன பிரயோஜனம்?

ஆயா பிறகு சொன்னார், அந்தப் படம்தான் அவர்களுக்கு எல்லாமாம். அதற்கு நேர் கீழேதான் மதியத் தூக்கம். வரிசையில் நிற்பதும் அந்த ஒழுங்கில்தான். மீன் என்று கூப்பிட்டால்தான் மீன் திரும்பும்.

சாயங்காலம் அம்மாவுக்குக் குரலே இல்லை. "அந்தச் சுவர்ல ஏதோ படம் இருந்துச்சாமே. நீ பார்த்தியா?"

"இல்லம்மா. வெறும் சுவர்தான் இருந்துச்சு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ அந்த டீச்சர் ஞாபகத்துக்குன்னு எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

நவம்பர் 5, செவ்வாய்

அம்மா அதையே தலைமையாசிரியையிடமும் சொல்லிவிட்டாள். என் பொய் அலுவலகம் வரைக்கும் போய்விட்டது.

நவம்பர் 7, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். எல்லாப் படத்தையும் நானே வரைந்துவிடுவேன். இரண்டு நாளாகச் சாப்பாட்டு இடைவேளையில் அங்கேதான் இருக்கிறேன். அம்மா நான் உதவிக்கு வருகிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறாள். அது வேறு குத்துகிறது.

ஆனால் — எழுதினால் என்ன — எனக்கு அங்கே இருக்கப் பிடித்திருக்கிறது.

ஒவ்வொன்றும் என்ன அதிகாரம் பண்ணுகிறது! மீன் என் படத்தைப் பார்த்துவிட்டு, "இது முறைக்குது. என் மீன் சிரிக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். குடையிடம் என்ன கலர் என்று கேட்டேன். "நனைஞ்ச கலர்." அப்படி ஒரு கலரே கிடையாதுடா என்றால், "உங்ககிட்ட இல்லக்கா" என்று பரிதாபப்படுகிறான்.

நிலாவுக்குத்தான் பெரிய சண்டை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள்.

"நான்தான் நிலா!"

"பொய்க்கா, இவன் பந்து!"

"நீதான்டா வாளி!"

ஆயா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். "ரெண்டும் நிலா இல்லம்மா. நிலா ஜுரத்துல வீட்டுல கிடக்கா. அவ வர்றதுக்குள்ள இடத்தப் பிடிக்கப் பாக்குதுங்க."

அடக்க முடியாமல் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். வகுப்பே சிரித்தது. எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது.

நவம்பர் 11, திங்கள்

இருபத்தொன்று முடிந்தது. ஒன்றுதான் பாக்கி.

கடைசிக் கொக்கிக்காரன் வாயே திறப்பதில்லை. போன திங்கள் முதல் பையைத் தோளிலிருந்து கழற்றவும் இல்லை. அதோடுதான் சாப்பிடுகிறான், அதோடுதான் தூங்குகிறான். அவன் படம் என்னவென்று ஆயாவுக்கு நினைவில்லை. மற்றக் குழந்தைகளைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யானை வரைந்து காட்டினேன், மணி, கப்பல், கோழி வரைந்தேன். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

இன்று அவன் அப்பா வந்து, இந்த வாரமும் இப்படியே இருந்தால் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்த பார்வையை நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

இன்னொன்று. தலைமையாசிரியை பழைய டீச்சரைப் போனில் கேட்டிருக்கிறார். அவர் அழுதுவிட்டாராம். "நான் எதுக்குங்க அத எடுத்துட்டுப் போகப் போறேன்?"

அந்தக் குழந்தையின் படம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு அவரையே கேட்க வேண்டுமென்றால்...

பயமா இருக்கு. அம்மாவோட மூஞ்சிய நெனச்சாலே பயமா இருக்கு.

நவம்பர் 13, புதன்

சொல்லிவிட்டேன்.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "அம்மா, அந்தப் படத்தையெல்லாம் நான்தான் சுரண்டிப் போட்டேன்."

குழாயை மூடினாள். திரும்பவில்லை. "பத்து நாளாவா?"

"ம்."

"உனக்கு எப்படிடி சோறு இறங்குச்சு? ஒரு மனுஷி மேல பழி போட்டுட்டு எப்படி இறங்குச்சு?"

அடித்திருந்தால் தேவலை. ஈரக் கையைத் துடைத்துவிட்டு, பழைய டீச்சருக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள். "நீயே பேசு."

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். டீச்சர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "நாலு வருஷம் வேலை பார்த்த இடம். என்னைத் திருடின்னு சொல்லாத குறைதான், தெரியுமா?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி கேட்டேன். அப்புறம் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னேன்.

"பையைக் கழட்டவே இல்லையா? தூங்குறப்பவுமா?" குரலே மாறிவிட்டது. "அட பாவமே. அவன் ஏணிம்மா. அஞ்சு படி. ஆறு போட்டாலும் ஒத்துக்க மாட்டான். நாளைக்குக் காலைல முதல் வேலையா ஒட்டிடு, என்ன? உங்கம்மாகிட்ட குடு."

அவர்கள் இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். நடுவில் அம்மா ஒரு தாளில் என்னவெல்லாமோ எழுதிக்கொண்டாள். ஒரு இடத்தில் சிரித்தாள். என் பக்கம் பார்த்ததும் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

நவம்பர் 14, வியாழன்

அவன் ஏணியின் முன்னால் நின்றான். விரல் வைத்துக் கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறினான். ஐந்து. மறுபடி இறங்கினான். பையைக் கழற்றி மாட்டினான். தோளில் வார் பட்ட இடம் சிவந்திருந்தது. ஆயா தேய்த்துவிட்டார்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "பொண்ணு பேச்சைக் கேட்டு விசாரிக்காம பழி சொன்னது என் தப்பு மேடம்." அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இந்த மாதம் முடியும்வரை சாப்பாட்டு இடைவேளையில் மழலையர் வகுப்பில் வேலை செய்ய வேண்டுமாம். தண்டனையாம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "சரி மேடம்" என்றேன். வெளியே வந்ததும் அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "ரொம்ப நடிக்காத."

நவம்பர் 19, செவ்வாய்

ஜுரம் விட்டு நிலா வந்துவிட்டாள். பந்தும் வாளியும் நல்ல பிள்ளைகளாக அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள்.

நவம்பர் 29, வெள்ளி

இன்று தண்டனையின் கடைசி நாள். குடைக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை அனுப்பியதாகத் தச்சர் வந்தார். அடுத்த வருஷம் இருபத்தெட்டுக் குழந்தைகளாம், இன்னும் ஆறு கொக்கி வேண்டுமாம். "எந்த உயரத்துல அடிக்கட்டும் டீச்சர்?" என்று டேப்பை நீட்டினார்.

"இப்ப அடிக்க வேண்டாங்க," என்றாள் அம்மா. தூங்கும் குழந்தைகள் எழுந்துவிடாமல் மெதுவாகத்தான் பேசினாள். "பிள்ளைங்க வரட்டும். நிக்க வெச்சுக் கை எட்டுற உயரம் பார்த்து அடிச்சுக்கலாம். அப்ப நான் இங்கதானே இருப்பேன்."

"அதுவும் சரிதான்" என்று தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.