பிரேக் இல்லாத இருக்கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, என் வலது முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது, நான் அதைக் கண்டுகொள்வதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் 'அப்பா, ஒரு நிமிஷம்' என்று நீ அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாய், திரும்பி வருவதற்குள் நானும் சொல்ல வந்ததை முழுங்கிவிட்டு அங்கே மழையா வெயிலா என்று கேட்டு முடித்துவிடுகிறேன். இது அப்படி முழுங்கக் கூடிய விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

மாப்பிள்ளை மேல் கோபப்படாதே, அவர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உன் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் புதுக் கிளை திறக்கிறார்களாம், அதற்கு உன்னையே தலைமைக்குப் போடுகிறார்களாம், அங்கே பஸ் போகாது என்பதால் எனக்கு வேண்டாம் என்று இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கப் போகிறாயாம். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமே என்று அவர் கேட்டதற்கு நீ சொன்ன பதிலையும் சொன்னார். 'எனக்குக் கை வராதுங்க. எங்கப்பாவே சொல்லிட்டார், அவருக்குத் தெரியாததா.' அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு வருவதற்கு முன்னால் நான் வாங்கின காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அது வராமல் இருந்திருந்தால் எனக்கு இந்தப் புத்தியும் வந்திருக்காது.

கார் வாங்கப் போகிறேன் என்றதும் நீ போனில் என்னைக் காய்ச்சி எடுத்தாய். இந்த வயசுல ரெண்டு சீட்டு வண்டியா, நாங்க வந்தா எங்க உட்கார்றது, டிக்கியிலயா என்றாய். நியாயமான கேள்விதான். ஆனால் என் பக்கத்தையும் யோசி. முப்பத்தோரு வருஷம் ஓட்டுநர் பள்ளி நடத்தி, நான் உட்கார்ந்தது முழுக்க இடது பக்க இருக்கை. காலுக்குக் கீழே எனக்கென்று தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். ஸ்டீயரிங் எப்போதும் அடுத்தவர் கையில். வேகம் முப்பதைத் தாண்டினால் என் கால் தானாக அமுங்கும். அப்படியே நாலாயிரம் பேருக்கு மேல் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டேன், ஆனால் ஒரு நாளாவது ஆசைப்பட்டு வண்டி ஓட்டினேனா என்றால் இல்லை. ஆபீஸில் காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காகப் போட்டு வைத்த ஒரு பழைய கார் பத்திரிகையில் இந்த வண்டியின் படம் இருந்தது. இடது பக்கம் ஸ்டீயரிங். எனக்குப் பழகிய பக்கத்தில், என் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு ஸ்டீயரிங். பத்திரிகை கிழிந்து போயும் அந்தப் பக்கத்தை மட்டும் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். பள்ளியை உதவி மாஸ்டரிடம் ஒப்படைத்த அன்றைக்கே தேட ஆரம்பித்தேன், ஏழு மாதம் கழித்து, கடல் தாண்டி, வண்டியைக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்த ஒரு ஓய்வுபெற்ற கடிகாரக்காரரிடம் கிடைத்தது.

அது துறைமுகத்தில் இறங்கிய கதை தனி. சுங்க அதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று 'மாஸ்டர், என்னைத் தெரியலையா' என்றார். என்னிடம் படித்தவர், இரண்டு தடவை தேர்வில் தவறி மூன்றாம் தடவை தேறியவர். ஆகா, காரியம் கைகூடியது என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவரானால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்து, பத்தொன்பது நாள் வண்டியைக் கொட்டகையிலேயே நிறுத்திவிட்டார். கேட்டதற்கு 'அவசரப்படாதே, எல்லாக் கண்ணாடியும் பார்த்துட்டுத்தான் எடுக்கணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க' என்கிறார். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு நம் மெக்கானிக் முன்பக்க மூடியைத் திறந்து ரொம்ப நேரம் உள்ளே பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், 'மாஸ்டர், ஏமாத்திட்டாங்க, இதுல எஞ்சினே இல்ல' என்றார். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அம்மாவுக்கு வேறு குறை. அந்தக் கடிகாரக்காரர் கல்லிலும் மண்ணிலும் பந்தயம் ஓட்டியவராம், வண்டியை ஒரு சாண் உயர்த்தி, அடியில் இரும்புத் தகடு அடித்து, பல் பல்லாக டயர் போட்டு, கூரை மேல் ஸ்டெப்னியைக் கட்டி வைத்திருக்கிறார். ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லிட்டு டிராக்டர் வாங்கிட்டு வந்திருக்கீங்களே என்று அம்மா வாசலிலேயே நின்று சிரித்தாள்.

முதல் நாள் நடந்ததை அம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான் இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா வலது பக்கம் ஏறினாள். நான் வழக்கம்போல நேராகப் பார்த்தபடி 'ம், வண்டியை எடும்மா' என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா தன் முன்னால் ஒன்றும் இல்லாததைப் பார்த்தாள், என் முன்னால் இருந்த ஸ்டீயரிங்கைப் பார்த்தாள், 'முன்னாடி இருக்கிறத முதல்ல பாருங்க மாஸ்டர்' என்றாள். பழக்கம் என்பது லேசுப்பட்டது இல்லை.

ஊருக்குள் அந்த வண்டியை நான் முப்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. மெக்கானிக்தான் பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் வற்றிக் கிடக்கும் ஏரியைச் சொன்னார். கண்ணுக்கு எட்டிய தூரம் வெடித்த தரை, ஆள் இல்லை, சுவர் இல்லை, ஒரே ஒரு முள்புதர். போன மாதத்திலிருந்து சனிக்கிழமை காலைகளில் அம்மாவும் நானும் பிளாஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு போகிறோம். முதல் தடவை கரையிலிருந்து இறங்கி, மெதுவாகத்தான் போனேன். அப்புறம் நாற்பது. அப்புறம் அறுபது. திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போக, நான் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க, வண்டி புழுதியைக் கிளப்பி அரை வட்டம் போட்டு நேராக நின்றது. நாலாயிரம் பேருக்கு 'கூடாது, கூடாது' என்று சொன்ன அத்தனையையும் ஒரே காலையில் செய்துவிட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, புழுதி என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலைமுடியில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே 'இன்னொரு தடவை' என்றாள். அறுபத்திரண்டு வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் பாக்கி இருந்தது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். மாப்பிள்ளை பேசியது செவ்வாய்க்கிழமை. உன் அம்மா அழுத்தக்காரி, சனிக்கிழமை வரை மூச்சு விடவில்லை. ஏரிக்குப் போனதும் 'இன்னைக்கு நான் ஓட்டுறேன், நீங்க இந்தப் பக்கம் வாங்க' என்றாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டேன், ஐம்பத்தெட்டு என்று திருத்திவிட்டு இறங்கி வந்து நின்றாள். நான் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். சொன்னால் சிரிப்பாய், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்தில், காலுக்கு அடியில் பிரேக் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். வெறும் ரப்பர் மிதியடி. நான் நெளிவதைப் பார்த்த அம்மா, எக்ஸ்ரே அறையில் இருபத்தெட்டு வருஷம் சொன்ன அதே குரலில், 'மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க' என்றாள். வண்டி இரண்டு தடவை குதித்து நின்றது, மூன்றாம் தடவை கிளம்பியது. அவ்வளவு பெரிய ஏரியில் இருந்த அந்த ஒரே முள்புதரைப் பார்த்தே போகிறாள். நான் மிதியடியை மிதிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. 'திருப்பு' என்று கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வருவதற்குள் அவளே நிதானமாகத் திருப்பிவிட்டாள். அப்படி ஏழெட்டு சுற்று. கடைசியில் வண்டி லேசாகச் சுழன்று, எஞ்சின் அணைந்து நின்றது. புழுதி அடங்கட்டும் என்று காத்திருந்தோம். 'இப்ப மூச்சை விடலாம்' என்றாள்.

அதற்குப் பிறகுதான் கேட்டாள், உங்க கால்ல பிரேக் இருந்திருந்தா எத்தனை தடவை மிதிச்சிருப்பீங்க என்று. தொழில்காரனிடம் பொய் வராது, ஒன்பது என்றேன். எத்தனை தடவை தேவைப்பட்டுச்சு என்றாள். அப்போதுதான் மாப்பிள்ளை சொன்னதையும், உன் பதிலையும், மாதக் கடைசியையும் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை.

உனக்குப் பதினெட்டு வயது, ஆபீஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் சிவப்புக் கூம்புகளை வைத்து உன்னை ஓட்டச் சொன்னேன். ஆறு சுற்று. நான் பதினொரு தடவை பிரேக்கை மிதித்தேன். ஆறாவது சுற்றில் நீ வண்டியை நிறுத்திவிட்டு, 'நீங்களே ஓட்டிக்கோங்கப்பா' என்று இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாய். சாயங்காலம் அம்மா என்னிடம் விசாரித்தபோது, நீ அடுத்த அறையில் இருப்பது தெரிந்தும், 'அவளுக்குக் கை வராது, விட்டுடு' என்றேன். ஒரு தொழில்காரன் வாயால் சொன்ன தீர்ப்பு. நீ அதை இத்தனை வருஷம் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போயிருக்கிறாய்.

அதற்கு முந்தின வாரம் என்ன நடந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. என்னிடம் படித்த ஒரு பெண், உன் வயதுதான், லைசென்ஸ் வாங்கின பதிமூன்றாம் நாள் நெடுஞ்சாலையில் லாரி இடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்கு எக்ஸ்ரே படம் எடுத்தது உன் அம்மா. நான் பார்க்கப் போனபோது அந்தப் படத்தை விளக்கில் மாட்டியிருந்தார்கள், இரண்டு கால் எலும்பும் துண்டு துண்டாக. தப்பு அவள் மேல் இல்லை, என் பாடத்திலும் இல்லை, லாரிக்காரன் தூங்கிவிட்டான். ஒரு வருஷத்தில் அவள் எழுந்து நடந்துவிட்டாள், இப்போது அவளே கார் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். என் கால்தான் பிரேக்கை விட்டு எழவே இல்லை. உன்னை ஸ்டீயரிங்கில் பார்த்தபோதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் தெரிந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்லியிருந்தால் போதும். மாஸ்டர் என்று ஊரே கூப்பிடுகிறவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை, உனக்குக் கை வராது என்று சொல்ல மட்டும் வந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். பிள்ளையை மக்கு என்று நம்ப வைத்தது இந்த வாத்தியார். என்னை மன்னித்துவிடும்மா.

அங்கே நல்ல மாஸ்டராகப் பார்த்துச் சேர். அதிகம் பேசாதவராக இருக்கட்டும். அவர் பிரேக்கை மிதித்தால் ஏன் மிதித்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேள், காரணம் சொல்ல முடியாதவர் என்றால் ஆளை மாற்று. கிளட்சை மெதுவாக விடு, தட்டையான செருப்பு போட்டுக்கொள், பேத்தியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பழகாதே. லீவுக்கு வரும்போது இரண்டு சீட்டு போதும், நீ ஸ்டீயரிங்கில் உட்கார், நான் பக்கத்தில் உட்காருகிறேன், மற்றவர்கள் கரையில் நின்று காப்பி குடிக்கட்டும். நான் பயப்படுவேன், அதை வாய்விட்டுச் சொல்லுவேன், நீ பாட்டுக்கு ஓட்டு.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடிந்து, மனசு நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அம்மா தன் முத்தங்களைப் பேத்திக்கு அனுப்பச் சொன்னாள், உன்னை ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிடாதே. அந்த வேலையை எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். விருப்பமில்லை என்றால் விருப்பமில்லை என்று எழுதிக் கொடு. கை வராது என்று மட்டும் எழுதாதே. அந்தப் பதினொரு தடவையில் ஒரு தடவைகூட நீ தப்பு செய்யவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா