சப்பாத்தைக் கழற்றிய இடம்

மருதமடு மாதா துணை

வெம்பிளி,
18.05.2025

என் அன்பு பெனிற்றாவுக்கு,

நான் சுகம். நீயும் மகள் துஷ்யாவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். பத்து நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கிறாய் இல்லை. ஹொஸ்டலில் படிக்கிற காலத்தில் கோபம் வந்தால் தலையணைக்குக் கீழே கடிதம் வைப்போமே, அதுதான் இதுவும்.

அயர்லாந்துக்குப் போய்வந்த அலுப்பு எனக்கு இன்னும் போகவில்லை. ஏரிக்கரையால் ஐந்து நாள் நடை என்று சொன்னபோது, “மடு மாதா கோயிலுக்கு நடந்த கால் இது” என்று சிரித்தாய். சொன்னபடியே என் ஒபிஸ் ஆட்கள் எல்லாரையும் முந்தினாய். நடக்கிற மஞ்சள் மனிதனின் படம் கீறிய வழிகாட்டிக் கம்பங்களை முதலில் கண்டது நீதான். செம்மறி வேலிகளை ஏறிக் கடக்கிற கடவையில் அவர்கள் தடுமாற, நீ ஒரே எட்டில் அந்தப் பக்கம் நின்றாய். என் ஒபிஸ் ஹெலன் வாயைப் பிளந்தாள்.

நாலாம் நாளோடு நீ கதைப்பதை நிறுத்திவிட்டாய். கால் கொப்புளமாக்கும், மழையாக்கும் என்று இருந்தேன். நான் விளையாட்டாக ஏதும் சொல்லியிருந்தால் மனதில் வைக்காதே. துஷ்யாவின் உறுதிபூசுதலுக்கு இன்னும் ஆறு கிழமைதான். கோயிலில் அவளுக்கு ஞானத்தாயாக நிற்கப்போவது நான்தானே? என்ன நிறத்தில் சீலை கட்ட வேண்டும் என்று அவளிடம் கேட்டு எழுது.

என்றும் உன்,
றொசாந்தி


தோர்ண்டன் ஹீத்,
27.05.2025

அன்புள்ள றொசாந்திக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். கொப்புளம், மழை என்று பூசி மெழுகாதே. வயதானவர்களைப் பார்க்கிற கெயர் ஹோமில் பதினாலு வருஷம் நின்று வேலை செய்கிற கால் எனக்கு.

ஏரிக்கரையில் அந்த இடிந்த கோயில் கண்ணில் பட்டதும் சப்பாத்தைக் கழற்றினேன். செபமாலையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். மடுவுக்குப் போகும்போது அப்படித்தானே நடப்போம்? இது பொழுதுபோக்கு நடை, யாத்திரை இல்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை. என் மனுசன் செத்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. எனக்கு வேறு எப்படி நடக்கத் தெரியும்?

உன் ஒபிஸ் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இவ உன்ரை சிநேகிதியோ?” என்று ஹெலன் கேட்டாள். நீ என்ன சொன்னாய்? “சீ, எங்கடை கோயிலுக்கு வாற ஒரு பொம்பிளை. புருஷன் செத்துப்போனார், பாவம் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்.” இங்கிலிஷில் சொன்னால் எனக்கு விளங்காது என்று நினைத்தாயா? நாள் முழுக்க வெள்ளைக்காரக் கிழவிகளோடு கதைக்கிறவள் நான்.

அன்று பின்னேரம் அறைக்கு வந்ததும் கதவைப் பூட்டினாய். சுடுதண்ணீரில் உப்புப் போட்டு, கல்லுக் குத்திய என் காலைக் கழுவிவிட்டாய். “எடியே, நோகுதோ?” என்று கேட்டாய். நீ வழியில் ஹெலனுக்குச் சொன்னதைவிட இதுதான் எனக்குக் கூடச் சுட்டது. கதவு பூட்டினால் சிநேகிதி, வெளியில் ஆரோ ஒரு பொம்பிளை.

ஞானத்தாய் என்றால் எல்லாரும் பார்க்கப் பிள்ளையின் தோளில் கை வைத்து நிற்க வேண்டும். கோயிலில் கொடுத்த உன் பெயரை நான் இன்னும் வெட்டவில்லை. ஒன்று செய். ஹெலனை உறுதிபூசுதல் பூசைக்குக் கூட்டிக்கொண்டு வா. நான் உனக்கு ஆர் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வா. ஏலாதென்றால் எழுது, என் மச்சாள் மெலனியைக் கேட்கிறேன்.

பெனிற்றா


வெம்பிளி,
19.06.2025

பெனிற்றா,

மூன்று தரம் ஹெலனின் மேசைக்குப் போனேன். முதல் தரம் அவள் மீற்றிங்குக்குப் போக வெளிக்கிட்டாள். நல்லதாய்ப் போயிற்று என்று திரும்பினேன். அடுத்த முறை வாயைத் திறந்து, மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன். நேற்று அவளே கேட்டாள்: “அந்த அம்மா எப்பிடி இருக்கிறா? அவ செபம் சொன்ன குரல் இன்னும் என்ரை காதுக்கை நிக்குது.”

பார், அவள் உன்னைப் பழித்ததே இல்லை. நான்தான் பயந்து செத்திருக்கிறேன். ‘அவள் என் சிநேகிதி, முப்பது வருஷம்’ என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று தெரிந்துவிடுமே. “தெரியாது, கோயிலிலை கண்டால் கேக்கிறன்” என்றேன்.

அன்றைக்கு உன்னை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன். இனி உனக்கு அதை மறைக்க மாட்டேன். உன் வெறுங்காலும் உன் சத்தமும் என்னையும் அவர்கள் முன்னால் ஒரு பட்டிக்காட்டாளாகக் காட்டிவிடும் என்று பயந்தேன். இப்போது என்னை நினைக்கத்தான் கூசுகிறது. லிப்ட் கண்ணாடியைக்கூடப் பார்க்க ஏலாமல் படியால் ஏறுகிறேன்.

மெலனியைக் கேள். பிள்ளையின் தோளில் அவள் கை வைக்கட்டும். 29ஆம் திகதி பூசைக்கு நான் வர மாட்டேன்.

ஞானத்தாய் ஏன் மாறினது என்று துஷ்யா கேட்பாள். அன்ரிக்குச் சுகமில்லை என்று சொல்லி என்னைக் காப்பாற்றாதே. நடந்ததை அப்படியே சொல்லு.

றொசாந்தி