தூரமான பிள்ளைகளும் என் மேளமும்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா மகள் நசாலி நேற்று செவிலியர் பள்ளியில் செய்முறைத் தேர்வின் நடுவே சுருண்டு விழுந்துவிட்டாள். மாதாமாதம் வருகிற வயிற்றுவலிதான். மே மாதம் மறுதேர்வு. அதையும் விட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

மார்ச் 5, வியாழன்

விடுதி நர்ஸம்மா நாச்சா ஆள் அனுப்பினார். வலிக்கிற பிள்ளைகளுக்குச் சனிதோறும் நடனப் பயிற்சி, மேளத்துக்கு நான். இந்த மசாக்கா ஊரில் வேறு எவன் இருக்கிறான்? என் மேளம் கேட்டு, புதைக்கக் கொண்டுபோன கிழவர் பாயிலேயே இடுப்பை ஆட்டினார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 7, சனி

முறையைத்தானே சொன்னேன்? மாதவிலக்காகித் தூரமான பெண் பக்கத்தில் வந்தால் மேளத்தோல் கெட்டுவிடும். அப்பா காத்த முறை, அவர் அப்பாவும் காத்தது.

"தூரமா இருக்கிற பிள்ளைங்க வெளிய நில்லுங்க" என்றேன். நசாலி எழுந்து போனாள். அவள் பின்னாலேயே அத்தனை பேரும் போய்விட்டார்கள். கூடத்தில் நானும் மேளமும்.

"வலின்னு வந்தவளுகளை அந்த வலிக்காகவே துரத்திட்டீங்களே, பெரியவரே" என்றார் நாச்சா.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வாசலிலேயே நின்றாள். "அத்தைக்காரி காதோட கேக்குறதை, மாமன்காரன் நீ சபையில கேட்டிருக்கியே. உன் மேளத்தோலு பெரிசா, எம்பொண்ணு படிப்பு பெரிசா? சொல்லுடா."

நான் வாழைக்காயை உரித்துக்கொண்டிருந்தேன்.

தோல் கிழிஞ்சா எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? என் சோறு போயிடும். நான் போய் அடிக்கலேன்னா அவ படிப்பு போயிடும். என்னதான் பண்றது —

மார்ச் 14, சனி

விடுதிக்குப் போனேன். யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தோலைப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

தோல் இருக்கிறது. வலியும் இருக்கிறது. நசாலி பாயில் கிடந்தபடி, "இந்தக் கூத்து எதுக்கு மாமா?" என்கிறாள். நாச்சாவோ, "ஒரு மாசத்துல ஆகுற வேலையில்ல, விடாம ஆடணும்" என்கிறார். இவர் பேச்சை நம்பிப் பரம்பரை முறையை விட்டேனே. தப்போ?

ஏப்ரல் 28, செவ்வாய்

தூரமான நசாலி மதியம் எழுந்து கஞ்சி குடித்தாளாம். போன மாதம் அதுகூட இல்லை. நான் சந்தைக்குப் போய், அவள் ஓட்டப்பந்தயமே ஓடினாள் என்று சொல்லிவைத்தேன்.

மே 25, திங்கள்

இன்று தேர்வு. நேற்றே தூரமாகிவிட்டாள். காலையில் என் முற்றத்துக்கு வந்தபோது முகத்தில் உயிரே இல்லை. இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, "மெதுவா அடிங்க மாமா" என்றாள். அடித்தேன், ஆடினாள். வேலிக்கு மேலே எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரனை முறைத்தேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று மேளத்தோடு பள்ளி வாசலில் நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், இவளைக் காணோம். கடைசியில் வந்தாள். நடந்துதான் வந்தாள்.

"வலிச்சுதா?" ஒரு பெண்பிள்ளையிடம் இதை நான் கேட்டதேயில்லை.

"வலிச்சுது மாமா. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே முடிச்சிட்டேன்."

வழியெல்லாம் என் மேளத்தின் பெருமையை, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் மறுக்கவில்லை. மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.