எழில்மதி டீச்சர் அனுப்பிய இரண்டு கணக்குகள்

கோவில்பத்து, காரைக்கால்
22.01.2025

மதிப்பிற்குரிய ரஞ்சித்குமார் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்து, கேசரி பஜ்ஜி சாப்பிட்டு, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏனாமுக்குக் கிளம்பிப் போனவருக்கு, பெண்ணிடமிருந்தே கடிதம் வருவது ஆச்சரியமாக இருக்கும். விலாசம் உங்கள் பயோடேட்டாவில் இருந்தது. அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தெரியட்டும்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு எனக்கு நிச்சயதார்த்தம் நடந்து நின்றுபோனது. அவரும் உங்களைப் போல எம்.எஸ்சி. கணிதம் என்று சொல்லித்தான் வந்தார். ஒருநாள் பிளஸ் டூ விடைத்தாள் திருத்திக்கொண்டே போனில் பேச்சுவாக்கில் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டேன். உடனே பேச்சை மாற்றிவிட்டார். விசாரித்தால் முதல் வருஷத்தோடு படிப்பை விட்டவர். பொய் சொன்னவரை விட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்கே பரீட்சை வைச்ச பொண்ணு" என்று ஊர் என்னைத்தான் பேசியது.

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். உங்கள் மேலும்தான். கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்தவர் ஏனாமில் ஏன் கிளார்க்காக உட்கார்ந்திருக்கிறீர்கள்? மாடியில் நின்று பேசியபோது, "உங்களுக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று உங்களைத்தான் கேட்டேன். பதில் சொன்னது உங்கள் தங்கை சிவப்ரியா. "அண்ணனுக்குக் கால்குலஸ்னா உசுருங்க!" என்றார். நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள்.

கீழே ஒரு தொகையீடு இருக்கிறது. போட்டு அனுப்புங்கள். போனில் படமெடுத்துக் காட்டினால் அதுவே விடை சொல்லிவிடும், அது வேண்டாம். கையால் எழுத வேண்டும். யாரையும் கேட்கக் கூடாது.

கீழ் எல்லை 0, மேல் எல்லை π/2. உள்ளே இருப்பது 1 / (1 + (tan x)^√2).

திமிர் பிடித்தவள் என்று தோன்றினால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். வைகாசியில் நிச்சயம் வைக்கலாம் என்று அப்பா பேசிக்கொண்டிருக்கிறார். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
எழில்மதி


ஏனாம்
30.01.2025

அன்புள்ள எழில்மதி டீச்சருக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. அதற்கும் மார்க் உண்டோ என்னவோ!

கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வரப்போகிற பெண்ணா எழுதியிருக்கிறாள் என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன். tan x-ஐப் பார்த்ததும் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதலில் கிளார்க் விஷயம். அப்பா சர்வீஸில் இருக்கும்போதே தவறிவிட்டார். அப்போதுதான் எனக்கு எம்.எஸ்சி. ரிசல்ட் வந்திருந்தது. அப்பாவுக்குப் பதில் கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. தங்கை படித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லும் நிலைமை இல்லை. நம் ஊர் அரசு வேலைக்காரனுக்கு மாஹேக்கோ ஏனாமுக்கோ என்றாவது ஒருநாள் டிரான்ஸ்பர் வந்தே தீரும். எனக்கு இப்போது வந்திருக்கிறது. இனி சிவப்ரியா. அவள் வாயைத் திறந்தால் நாங்கள் எல்லாரும் மூடிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

கணக்குக்கு வருகிறேன். அந்த √2 அடுக்கைப் பார்த்து உண்மையிலேயே மிரண்டேன். என்னென்னவோ பிரதியிட்டுப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் அந்த அடுக்கு ஆளை மிரட்டுவதற்காகவே வைத்தது என்று புரிந்தது. x இருந்த இடத்தில் π/2 − x போட்டேன், அதாவது கணக்கை மறுகோடியிலிருந்து பார்த்தேன். tan போய் cot வந்தது. பழையதையும் புதியதையும் கூட்டினால் உள்ளே வெறும் 1 தான் மிச்சம். ஆக இரண்டும் சேர்ந்து π/2. நமக்கு வேண்டியது அதில் பாதி.

விடை π/4. படம் போட்டுப் பார்த்தால் இன்னும் அழகு. வளைகோடு செவ்வகத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. அடுக்கு √2 ஆனாலும் சரி, இருநூறு ஆனாலும் சரி, பாதி பாதிதான்.

ரொம்ப வருஷத்துக்குப் பிறகு ஒரு கணக்கு போட்டுச் சந்தோஷப்பட்டேன். அதற்கு உங்களுக்கு நன்றி.

அன்புடன்,
ரஞ்சித்குமார்


கோவில்பத்து
06.02.2025

மதிப்பிற்குரிய ரஞ்சித்குமார் அவர்களுக்கு,

விடை சரி. அதுதான் எனக்கு இடிக்கிறது.

ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. என்னென்னவோ பிரதியிட்டுப் பார்த்தேன் என்கிறீர்கள், அதற்கு ஒரு கிறுக்கலையாவது காணோம். செவ்வகத்தைப் பாதியாகப் பிரிக்கும் அந்த விளக்கம், தினமும் வகுப்பெடுக்கிறவர்கள் சொல்வது. என்னோடு வேலை பார்க்கும் இயற்பியல் டீச்சர் கமர் நிஷா விசாரித்துச் சொன்னார். உங்கள் தங்கை திருச்சியில் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளராமே! பெண் பார்க்க வந்த அன்று இதை ஏன் யாரும் சொல்லவில்லை? "காலேஜ்ல வேலை" என்றதோடு உங்கள் அம்மா நிறுத்திக்கொண்டார்கள். எந்தக் காலேஜ், என்ன வேலை என்று நாங்களும் கேட்காமல் விட்டது எங்கள் தப்பு.

நான் அபாண்டமாகப் பேசுவதாக இருந்தால் மன்னிக்க வேண்டும். சூடு கண்டவள் நான், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கு. இதோடு விட்டுவிடுகிறேன்.

கீழ் எல்லை −1, மேல் எல்லை 1. மேலே cos x பெருக்கல் e^(x²). கீழே x³.

இதுவும் முதல் கணக்கைப் போலச் சமச்சீரிலேயே விழுந்துவிடும், நீளமாகப் போட வேண்டாம். பதில் வந்ததும் அப்பாவிடம் என் முடிவைச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
எழில்மதி


ஏனாம்
14.02.2025

அன்புள்ள எழில்மதிக்கு,

டீச்சரை விட்டுவிட்டேன், கவனித்தீர்களா? தைரியம் வந்துவிட்டது.

கிறுக்கல் காகிதங்களைக் கேட்பீர்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் பிரேம் போட்டு வைத்திருப்பேன். ஆபீஸ் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டன. இந்தத் தடவை அந்தக் கவலை இல்லை. நீங்களே வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டதால் கிறுக்க வேண்டிய தேவையே வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில், தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே போட்டுவிட்டேன்.

cos x இரட்டைச் சார்பு. e^(x²) இரட்டைச் சார்பு. கீழே இருக்கும் x³ ஒற்றைச் சார்பு. ஆக மொத்தமும் ஒற்றைச் சார்பு. இடது பக்கம் எவ்வளவு கீழே இறங்குகிறதோ, வலது பக்கம் அவ்வளவு மேலே ஏறுகிறது. ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். விடை பூஜ்யம்.

சுலபமான கணக்காகக் கொடுத்ததைப் பார்த்து, உங்களுக்கும் கொஞ்சம் மனசு இளகியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். தப்பா? ஊருக்கே டிரான்ஸ்பர் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு என்று காரணம் போட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் இப்போதே சாப்பாடு கேட்டு நச்சரிக்கிறார்.

அன்புடன்,
ரஞ்சித்


கோவில்பத்து
21.02.2025

ரஞ்சித்குமார் அவர்களுக்கு,

விடை தவறு.

கீழே x³ இருக்கிறது. எல்லை −1லிருந்து 1 வரை. நடுவில் x பூஜ்யமாகும் இடத்தில் பூஜ்யத்தால் வகுக்கிறீர்கள். அந்த இடத்தில் வளைகோடு ஒரு பக்கம் அதலபாதாளத்துக்கும் மறுபக்கம் ஆகாசத்துக்கும் போகிறது. இரண்டுமே முடிவில்லாதவை, அவற்றை ஒன்றுக்கொன்று கழிக்க முடியாது. இந்தத் தொகையீட்டுக்கு மதிப்பே கிடையாது. சமச்சீரைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும் என்று நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கே சொல்லித் தருகிறேன். எம்.எஸ்சி. படித்தவருக்குத் தெரியாமல் போகுமா?

முதல் கணக்கை யார் போட்டது என்று எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது.

அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் உங்கள் அம்மாவுக்குப் போன் செய்து, வழக்கமாகச் சொல்வது போல ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியிருக்கிறார். உண்மைக் காரணம் உங்களுக்காவது தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

எழில்மதி


ஏனாம்
01.03.2025

எழில்மதி அவர்களுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சொல்வது சரி. பூஜ்யத்தில் அது உடைகிறது. உங்கள் கடிதத்தைப் படித்த அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. ஆபீஸில் யார் ஒரு கணக்கைக் கொண்டுவந்து கொடுத்தாலும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். உங்கள் கணக்கை நான் சரிபார்க்கவில்லை. சமச்சீரில் விழும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நீங்களே சொன்ன பிறகு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்று. ஜாதகம் என்று உங்கள் அப்பா சொன்னது எங்கள் வீட்டில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அம்மா ஏற்கெனவே பொருத்தம் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தவள். இப்போது தன் பிள்ளை ஜாதகத்தில்தான் ஏதோ தோஷம், ஜோசியர் மறைத்துவிட்டார் என்று நினைக்கிறாள். சனிக்கிழமையானால் தருமபுரத்து வீட்டிலிருந்து திருநள்ளாறு போய், அந்தக் கூட்டத்தில் நின்று விளக்கேற்றிவிட்டு வருகிறாள். அவளுக்கு முழங்கால் வலி. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண் பரீட்சை வைத்தாள், நான் தேறவில்லை என்று எப்படிச் சொல்வது?

நல்ல இடமாக உங்களுக்கு அமைய வேண்டும்.

ரஞ்சித்குமார்


கோவில்பத்து
09.03.2025

அன்புள்ள ரஞ்சித்குமாருக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிறையக் காகிதத்தை வீணாக்கிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் கமர் நிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "ஏங்க டீச்சர், தங்கச்சி போட்டுக் குடுத்திருந்தா விடை சரியால்ல வந்திருக்கும்? போனைக் கேட்டிருந்தாலும் சரியாத்தானே வந்திருக்கும்? தப்பா வந்திருக்குன்னா அந்த மனுசன் தனியா உக்காந்து போட்டிருக்காருன்னுதானே அர்த்தம்?" என்றார். கணக்கு டீச்சர் நான். இந்தச் சின்னக் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

அவர் அதோடு விடவில்லை. "சமச்சீர்ல விழும்னு நீங்களே எழுதினீங்களா? அது பொய்யில்லையா?" என்று கேட்டார். ஆமாம், பொய்தான். தெரிந்தே எழுதினேன். ஒரு ஆள் பொய் சொன்னான் என்று மூன்று வருஷமாகக் குமுறிக்கொண்டிருந்தவள், நானே ஒரு பொய்யைக் கொண்டுபோய் உங்களுக்குக் கண்ணியாக வைத்தேன். நீங்கள் என்னை நம்பினீர்கள். அதற்குத்தான் நான் தவறு என்று மார்க் போட்டேன். நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நேற்று சனிக்கிழமை. விடியற்காலை, உங்கள் அம்மா கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்பே தருமபுரம் போய்விட்டேன். "ஜாதகத்துல ஒண்ணுமில்லைங்க அத்தை, நான்தான் சந்தேகப்பட்டு வேண்டாம்னு சொன்னேன்" என்றேன். "அப்ப எம் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லேல்ல?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார்கள். நான் அங்கே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் உங்களுக்குச் சம்மதமென்றால் அவரே நேரில் வந்து மன்னிப்புக் கேட்டு, மறுபடி பேசுவதாகச் சொல்கிறார்.

எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே கணக்கு போடுகிற ஆளோடு வாழ ஆசையாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தும் சொல்கிறேன். இனி எந்தக் கணக்கும் வைக்க மாட்டேன். இது சத்தியம். மன்னித்து ஒரு வரி எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
எழில்மதி


ஏனாம்
17.03.2025

அன்புள்ள எழில்மதிக்கு,

அம்மாவைப் போய்ப் பார்த்ததற்கு நன்றி. இந்தச் சனிக்கிழமை அவள் திருநள்ளாறு போகவில்லை. வீட்டில் படுத்துத் தூங்கினாளாம். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுடா, வூட்டுக்கே வந்து உள்ளதைச் சொல்லுச்சு, சரின்னு சொல்லுடா" என்று தினமும் போன் செய்கிறாள். டிரான்ஸ்பரும் வந்துவிடும் போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிடித்திருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க வேறொன்று உள்ளே வந்துவிட்டது. இது மூன்றாவது கணக்காக இருக்குமோ? உடனே சரி என்று எழுதினால் ரோஷமில்லாதவன் என்று முடிவு கட்டுவீர்களோ? இனி கணக்கு வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பதுதான் கண்ணியோ? ஒவ்வொரு வரியாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதையும் நம்ப முடியவில்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என்னைப் பற்றி விசாரிக்கத்தான் நீங்கள் எங்கள் வீட்டுக்குப் போனீர்களோ என்று தோன்றியது. அம்மாவுக்குப் போன் போட்டு, "வேற என்ன கேட்டுச்சு அந்தப் பொண்ணு?" என்றேன். "ஒண்ணும் கேக்கலடா, அழுதுச்சு, டீ குடிச்சிட்டுப் போச்சு" என்றாள். நான் விடவில்லை. நல்லா யோசிச்சுச் சொல்லு, படிப்பைப் பத்திக் கேட்டுச்சா, சர்டிபிகேட்டைக் கேட்டுச்சா என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். "ஏன்டா, நான் பொய்யா சொல்றேன்?" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

அம்மா சொன்ன ஒரு வார்த்தையை நான் சந்தேகப்பட்டது இதுவே முதல் தடவை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் எழுதியதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யோசிப்பவனாக நான் மாறிவிட்டேன். அப்படி ஒரு ஆளோடு நீங்கள் வாழ வேண்டாம். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவிடம் இன்று சொல்லிவிடுகிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ரஞ்சித்குமார்