பூந்தமல்லியில் வைத்த நோன்பு

மார்ச் 2, 1988. புதன். பெங்களூர்

விடுதியில் இன்றும் அதே சாம்பார். வஹீதா வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறாள். என்னையும் கூப்பிட்டாள். "மலேசியாலேர்ந்து இவ்ளோ தூரம் வந்துட்டு மெட்ராஸைப் பாக்காமப் போவியா? சனி, ஞாயிறு ரெண்டு நாளுதானே, வாடி." அவள் வீடு பூந்தமல்லியில். மெட்ராஸுக்கு முன்னாலேயே இறங்கிவிடலாமாம். கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்கு மெட்ராஸ் என்பது சினிமாவில் பார்த்த ஊர்தான். படிக்க வந்த இடத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே தோழி வஹீதா. சரி என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர்தான் கவலை. அக்கா இந்தியாவில் படித்தபோது மஞ்சள்காமாலை வந்து ஒரு வருடப் படிப்பே போனது. விமான நிலையத்தில் அம்மா அழக்கூட இல்லை. "காய்ச்சாத தண்ணியத் தொடாதே ரோஸி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஃபிளாஸ்க்கை எடுத்துப்போக வேண்டும். கிரீம் பிஸ்கட்டும்.

மார்ச் 4. வெள்ளி. பூந்தமல்லி

இதை எழுதும்போதே சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

வேலூரில் பஸ் நின்றபோது வஹீதா இறங்கி இட்லி சாப்பிட்டாள். ஓட்டல் தண்ணீருக்குப் பயந்து நான் இறங்கவே இல்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டேன். குமணன்சாவடியில் அவளுடைய அத்தா, அதாவது அப்பா, உஸ்மான் கனி காத்திருந்தார். அங்கேதான் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே அவள் அம்மா அஷ்ரஃபுன்னிசா ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றார். "வாம்மா, வெயில்ல வந்துகீறே, மொதல்ல இதக் குடி."

அப்போதுதான் இறைத்த கிணற்றுத் தண்ணீர். மேலே ஏதோ ஒரு தூசி சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவின் மஞ்சள் கண்கள் ஞாபகம் வந்தன. வேண்டாம் என்று சொன்னால் மனம் புண்படும். என்ன செய்வது? வாய் தானாகச் சொல்லிவிட்டது: "இன்னைக்கு எனக்கு நோன்பு, ஆண்ட்டி. எங்களுக்குத் தவக்காலம்."

தவக்காலம் என்பது உண்மை. நோன்புதான் பொய். கிள்ளானில் அம்மா ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பார். நான் ஒருநாள்கூட இருந்ததில்லை.

அந்த அம்மா சொம்பைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அய்யய்யோ, நோன்பாளி முன்னாடி தண்ணிய நீட்டிட்டனே." அத்தாகூடத் தன் டீயைத் தெருவில் போய் நின்று குடித்துவிட்டு வந்தார். வஹீதாவும் நம்பிவிட்டாள். வேலூரில் நான் சாப்பிடாததை அவள்தான் பார்த்தாளே.

பொழுது சாய்ந்ததும் எனக்காகவே நோன்புக் கஞ்சி. பேரீச்சம்பழம், வடை, இஞ்சித் துவையல். ரம்ஜானுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருந்ததால் பயமில்லாமல் இரண்டு கிண்ணம் குடித்தேன். அவ்வளவு ருசி. "நாளைக்கும் நோன்பு கீதா?" என்று ஆண்ட்டி கேட்டார். நாளைக்கும் அந்தச் சொம்பு வருமே என்று, "ஈஸ்டர் வரைக்கும் உண்டு" என்றேன்.

வாய்க்கொழுப்பு. வேறென்ன?

மார்ச் 5. சனி. காலை

விடிவதற்கு முன்னாலேயே ஆண்ட்டி எழுப்பிவிட்டார். சோறு, முட்டைப் பொரியல், தயிர். சாப்பிட்டு முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவரும் நோன்பு வைத்திருக்கிறார். எனக்குத் துணையாக.

"விருந்தாளியா வந்த புள்ள தனியா நோன்பு கெடக்க, நானு துன்னுகினு இருப்பனா?"

அவருக்குச் சர்க்கரை வியாதி. வஹீதா கத்தினாள், "மாத்திரை போடணும்மா, வேணாம்." "ஒரு நாளுதானே. போடி" என்றார். அத்தாவும் ஏதோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். நோன்புமில்லை ஒன்றுமில்லை ஆண்ட்டி, தண்ணீருக்குப் பயந்து சொன்னேன் என்று. எத்தனை சின்ன வாக்கியம்! தொண்டை வரை வந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

மார்ச் 5. மாலை

எப்படி எழுதுவேன்.

மத்தியானம் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கிணற்றடிக் குளியலறையில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தின்றேன். ஃபிளாஸ்க் தண்ணீரைக் குடித்தேன். திருடி மாதிரி. வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, வாடிய முகத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விசிறியை எடுத்து எனக்கு விசிறினார். அவருக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. எனக்கு விசிறினார்.

கொஞ்ச நேரத்தில் விசிறி கீழே விழுந்தது. அவரும் அப்படியே சுவரோடு சரிந்தார். கை ஜில்லென்று இருந்தது. வஹீதா கிணற்றடிக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்து, சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினாள். அத்தா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு டாக்டரோடு வந்தார். டாக்டர் எல்லோரையும் திட்டினார். "சுகர்காரம்மா பட்டினி கெடக்கலாமா? இன்னும் அரை மணி போயிருந்தா என்னா ஆயிருக்கும்?"

நான் மூலையில் நின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை.

கண் விழித்ததும் அவர் என்னைத்தான் தேடினார். "நோன்பு வுட்டுப்போச்சேம்மா. நானா குடிக்கல, இதுங்க ஊத்திட்ச்சுங்கன்னு உங்க சாமிகிட்ட சொல்லிடு."

சரி ஆண்ட்டி என்று தலையாட்டினேன். ஆட்டினேனே, பாவி.

மார்ச் 6. ஞாயிறு. பெங்களூர்

பஸ்ஸில் வஹீதா பேசவே இல்லை. அம்மாவை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வேலூர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நேத்து அம்மாவுக்குத் தண்ணி சேந்தப் போனேன்ல. கெணத்துல பிஸ்கட் தாளு மிதந்துச்சு. எங்க ஊட்ல யாரும் கிரீம் பிஸ்கட் துன்றதில்ல."

குளியலறைச் சுவர் மேல் வைத்த தாள். காற்று அடித்திருக்கிறது. அந்தத் தண்ணீர் அசுத்தம் என்று பயந்த நான்தான் அதில் குப்பையைப் போட்டிருக்கிறேன். அந்தத் தாளை ஒதுக்கிவிட்டுத்தான் அவள் தன் அம்மாவுக்குத் தண்ணீர் இறைத்திருக்கிறாள்.

"ஏன்டி?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். அக்கா, மஞ்சள்காமாலை, சொம்பு எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

மார்ச் 8. செவ்வாய்

வகுப்பில் வஹீதா இடம் மாறி உட்கார்ந்தாள்.

மார்ச் 19. சனி

கோயிலில் பொய்யை எல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அவ்வளவுதானாம். லேசாக இருந்தது. விடுதிக்கு வந்து வஹீதாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"உங்க சாமியார்கிட்ட சொல்லிட்டே. எங்கம்மாகிட்ட யாரு சொல்றது? நீ நோன்புக்காரப் பொண்ணுன்னு அது தெருவெல்லாம் பெருமையா சொல்லிக்கினு கீது."

ஊர்ப்பேச்சு அவள் வாயில் வந்தால் கோபம் உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நியாயமான கோபம்.

ஏப்ரல் 9. சனி. பூந்தமல்லி

சொல்லிவிட்டேன்.

வஹீதாதான் கூட்டி வந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வரவில்லை. ஆண்ட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, நோன்பே இல்லை ஆண்ட்டி, பொய், ஒளிந்துகொண்டு சாப்பிட்டேன், என்னால்தான் நீங்கள் விழுந்தீர்கள் என்று அழுதுகொண்டே கொட்டினேன். அடிப்பார் என்றே எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நீ அன்னிக்கு பட்டினி கெடக்கலயா?"

"இல்ல ஆண்ட்டி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மார்பில் கை வைத்துக்கொண்டார். "அந்த வெயில்ல ஒரு புள்ளய வயிறு காயப்போட்டு அனுப்பிட்டனேன்னு எனக்கு ஒரு மாசமா சோறு எறங்கல."

வஹீதா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அவர் காலைப் பிடித்தேன். காலை இழுத்துக்கொண்டு, "இன்னாம்மா இது, எழுந்திரு" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் மறுபடி கீரை ஆய்ந்தார். பிறகு கேட்டார், குரலைத் தாழ்த்தி:

"எங்க ஊட்டுத் தண்ணி அவ்ளோ கலங்கலாவா கீது?"

இல்லை ஆண்ட்டி, இல்லவே இல்லை என்றேன். அவர் எழுந்து கிணற்றடிக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

ஜூன் 20. திங்கள். பெங்களூர்

கல்லூரி திறந்துவிட்டது. வஹீதா பெருநாளெல்லாம் முடிந்து நேற்றுதான் ஊரிலிருந்து வந்தாள். தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் கொஞ்சம்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதாம், ரம்ஜானுக்குக்கூட டாக்டர் பேச்சைக் கேட்டு நோன்பு வைக்கவில்லையாம். பிறகு சொன்னாள், "இப்ப ஊட்டுக்கு யாரு வந்தாலும் அம்மா தண்ணியக் காய்ச்சித்தான் குடுக்குது. மெட்ராஸ் பாடியிலேர்ந்து எங்க சித்தி வந்துச்சு, அதுக்கும் காய்ச்சின தண்ணிதான். 'இன்னாக்கா, எனக்கு ஜொரமா வந்துகீது?'ன்னு கேட்டுச்சு சித்தி. அம்மா இன்னொரு டம்ளர் ஊத்திக் குடுத்துச்சு."

ஊர்ப்பேச்சு வந்தாலும் அவள் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா, ஊர்க் கதையாகச் சொன்னாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தவள் அவள். நேற்றுப் புறப்படும்போது அவளுக்கும் காய்ச்சி ஆறவைத்துத்தான் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாராம்.