பிடித்தது கணக்கு மட்டும்தான்

2004 ஜனவரி 12, திங்கள்

பதினோராம் ஆண்டை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

புது வருடத்தின் முதல் ஆசிரியர் கூட்டம். அதிபர் திருச்செல்வம் நேரசூசியை வாசித்துக்கொண்டே போனார். ஆண்டு பதினொன்று, கணிதம், பாயிஸா டீச்சர். நிறுத்தவும் இல்லை, நிமிரவும் இல்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஒன்பது வருடமாக அது என் வகுப்பு; பத்தில் எடுத்த பிள்ளைகளைப் பதினொன்றிலும் நான்தான் எடுப்பேன். பாயிஸா அலவத்துகொடையிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு ஆண்டு ஆறும் ஏழும். அதோடு நூலகப் பொறுப்பு. எப்போதும் பூட்டிக் கிடக்கிற அறைக்கு எதற்குப் பொறுப்பு?

எல்லாரும் போனபிறகு அவரிடம் கேட்டேன்.

"உங்களுக்குச் சுமை குறையட்டும் எண்டுதான் மிஸ். வேற ஒண்டுமில்லை, கோவிக்காதேங்கோ" என்றார்.

சுமை என்று நான் யாரிடம் சொன்னேன்? கோவிக்காதே என்கிறவர் என் முகத்தைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாம். மேசையில் பென்சிலோடு கிடந்த அழிறப்பரைப் பார்த்துச் சொன்னார்.

கலஹாவிலிருந்து பேராதனை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விடு சுந்தரி. சம்பளத்துல கை வைக்கலதானே. வேலை கொறைஞ்சா நல்லதுதானே" என்கிறார்.

"மாநகரசபையில உங்க மேசையத் தூக்கி வாசல்ல போட்டாலும் நல்லதுதானா?" என்றேன்.

சாப்பிடாமல் படுத்துவிட்டார். படுக்கட்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனோம். அம்மா கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் இன்னும் அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையிலேயே இருக்கிறார். கோயிலில் பார்க்கிற ஆளையெல்லாம் கையைப் பிடித்து நிறுத்தினார். "எம் மகதான். பெரிய வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்குது." ஒருவர் இருவர் அல்ல. தெரிந்தவர்களிடமே திரும்பவும்.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். தாடை வலித்தது.

ஜனவரி 23, வெள்ளி

நூலக அறைக்கும் பதினோராம் ஆண்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். பாயிஸாவின் பாடம் முழுக்கக் கேட்கிறது. இன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். கணித வகுப்பில் என்ன சிரிப்பு? என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியை உண்டாக்க எனக்கு எத்தனை வருடம் எடுத்தது.

வந்த சூட்டில் பிடுங்கிக்கொண்டாள். எனக்குத் தெரியும், இவள்தான் அதிபரின் காதைக் கடித்திருக்க வேண்டும். இனிமேல் அவளோடு பேச்சில்லை.

பெப்ரவரி 6, வெள்ளி

பேசிவிட்டேன். பேசினேன் என்று சொல்ல முடியாது. ஆசிரியர் அறையில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். கதவைச் சாத்திவிட்டு, "நீங்கதானே கேட்டு வாங்கினீங்க?" என்றேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். "நான் கேக்கல்ல டீச்சர். எனக்கு வேணாமுன்டுதான் செல்லினேன். டிசம்பர்ல தாய் தகப்பன்மார் கொஞ்சப்பேர் சேந்து அதிபர் சேர்கிட்ட வந்தாங்க. கணக்கு டீச்சர மாத்தல்லாட்டி புள்ளயள வேற ஸ்கூலுக்கு எடுத்துக்கொண்டு போவாங்களாம்."

"யார் வந்தது?"

சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை. கடைசியில் ஒரு பெயர் சொன்னாள். வீரய்யா.

எங்கள் தோட்டத்து வீரய்யாவா? தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிற வீரய்யாவா? என் அப்பாவின் பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தவர். எனக்கு நியமனம் வந்த அன்று லயம் முழுக்கப் போய்ச் சொன்னவர். அந்த ஆள் என்னைப் பற்றி முறையிட்டாரா?

பெப்ரவரி 7, சனி

கலஹா பஜாரில் அவரைப் பிடித்தேன். மரக்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். சுற்றி ஆள் இருந்தது. நான் கவலைப்படவில்லை.

"என்ன வீரய்யாண்ணே, எனக்குக் கணக்குத் தெரியலைன்னு போய்ச் சொன்னீங்களாமே?"

அவர் பதறவில்லை. பையைக் கீழே வைத்தார். "ஒனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லலையே தாயி. ஒன்னளவுக்குத் தெரிஞ்சவங்க இந்தப் பக்கம் யாரு இருக்கா?"

"பிறகு?"

"எம் மக போன வருஷம் பத்துல ஒங்கிட்டத்தான் படிச்சுச்சு. கணக்குக்குப் பயப்படல. ஒனக்குத்தான் பயந்துச்சு. வெளங்கலன்னு சொன்னா நீ எப்பிடிப் பாப்பியோன்னு வெளங்குனதாவே சொல்லிட்டு வந்துரும். திங்கக்கெழமையானா வயித்து வலின்னுச்சு. நான் என்னா பண்ண?"

என்னிடம் பதில் இருந்தது. நிறைய இருந்தது. அறுபது பிள்ளைகளை ஒரு அறையில் அடைத்தது யார், கீழ் வகுப்பில் ஒழுங்காகப் படிப்பிக்காமல் என்னிடம் தள்ளிவிட்டது யார், பாஸ் வீதம் குறைந்தால் என்னைத்தானே கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றார். முடிந்ததும், "இப்பிடித்தான் தாயி, வகுப்புலயும்" என்றுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

என்ன திமிர்.

பெப்ரவரி 8, ஞாயிறு

என்ன திமிர் என்று நேற்று எழுதியதை இன்று வாசித்தேன். இன்னும் அதே கோபம்தான். ஆனால் யார்மேல் என்று நிச்சயமில்லை.

மார்ச் 3, புதன்

ஆறாம் ஆண்டில் பின்னம். ஒரு பெண் பிள்ளை மூன்றாம் தரமும் அதையே கேட்டது. கையிலிருந்த சோக்கட்டியை எறிந்தேன். பிள்ளைமேல் அல்ல, சுவரில். அது சத்தியம். ஆனால் நான் கையை ஓங்கிய உடனே முழு வகுப்பும் குனிந்தது. ஒரே நேரத்தில், பழகினமாதிரி. இந்தப் பிள்ளைகளிடம் நான் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதற்குள் பழகிவிட்டார்களா?

மணி அடித்ததும் நூலகத்துக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.  பழைய உயர்தரக் கணிதப் புத்தகம் ஒன்று கிடந்தது. ஒரு கணக்கைச் செய்தேன். அப்புறம் இன்னொன்று. வராத ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அடித்து, திரும்பச் செய்து, வேறு வழியில் போய்... தலையை நிமிர்த்தியபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போயிருந்தார்கள்.

கணக்கு எனக்குப் பிடிக்கும். கணக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்காது. இரண்டும் ஒன்றென்று எனக்குச் சொன்னது யார்? கணக்கு வருகிறதா, அப்போ டீச்சர். தோட்டத்துப் பிள்ளை படித்தால் டீச்சர். வேறு கதவு இருக்கிறதென்று ஒரு நாய்கூட எனக்குச் சொல்லவில்லையே.

மார்ச் 6, சனி

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, எனக்கு இந்த வேலை பிடிக்கல."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பிடிக்கிறதா? எனக்கு என்னா, கொழுந்து பிடிச்சா எடுத்தேன்?"

"அதுக்காக நானும்..."

"அட்டை கடிச்சு, மழையில நனைஞ்சு, கங்காணிகிட்ட ஏச்சு வாங்கி எடுத்தேன். நெழல்ல நிக்கிற வேலை ஒனக்குப் பிடிக்கலையா? யார்கிட்டயும் சொல்லிறாத. சிரிப்பாங்க."

நானும் ஒரு கட்டுக் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன்.   அம்மா சொன்னது உண்மை. நான் சொன்னதும் உண்மை. இரண்டையும் ஒரே வீட்டில் வைக்க முடியவில்லை.

மார்ச் 19, வெள்ளி

பாயிஸா நூலகத்துக்கு வந்தாள். ஏதோ அட்லஸ் தேடுவதாகச் சொன்னாள். நான் செய்துவைத்திருந்த கணக்குத் தாள்கள் மேசை முழுக்கக் கிடந்தன. அள்ளி மறைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"இதெல்லாம் யாருக்கு டீச்சர்?"

"யாருக்கும் இல்ல. எனக்கு."

ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். "எங்கட நானா பஹ்மி டவுன்ல சர்வே ஒஃபிஸ் வச்சீக்கிறார். காணி அளந்து, கணக்குப் பாத்து, காணிப் படம், பிளேன் கீறுற வேலை. கணக்குப் பாக்க ஆளில்லாம அலைஞ்சி திரியிறார். லீவுல ஒருக்காப் போய்ப் பாருங்களே."

என் வகுப்பை எடுத்துக்கொண்டு இப்போது தன் அண்ணனிடம் எனக்கு வேலையும் தேடித் தருகிறாளா. என்னை இங்கிருந்து கிளப்பப் பார்க்கிறாளா. அப்படித்தான் நினைத்தேன். "யோசிக்கிறேன்" என்றேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, செவ்வாய்

சித்திரை லீவு. போனேன். கட்டுகஸ்தொட்டை ரோட்டில், சைக்கிள் கடைக்கு மேல் மாடி. பஹ்மி சதா காதில் போனோடு இருக்கிற மனிதர். கதிரையைக் காட்டி, ஒரு காணியின் அளவுகளைத் தந்து, பரப்பைக் கணக்கிடச் சொன்னார். செய்துகொடுத்தேன். ஒரு பார்வை பார்த்தார்.

"பிழை. இந்தக் கோடு மூடல்ல. சுத்தி வந்தா தொடங்கின எடத்துக்கே வரணும். நீங்க ஒரு முழம் தள்ளி வந்து நிக்கிறீங்க."

அவ்வளவுதான். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். ஒன்பது வருடத்தில் எனக்கு யாரும் பிழை என்று சொன்னதில்லை. மூலைமூலையாகத் தேடினேன். ஒரு கோணத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். திருத்தினேன். மூடியது.

பசித்தது அப்போதுதான் தெரிந்தது.

மே 14, வெள்ளி

லீவு முடியும் வரை போய்வந்த என்னை நிரந்தரமாக வரச் சொல்லியிருக்கிறார் பஹ்மி. அதனால் வீட்டில் இவரோடு சண்டை. அரசாங்க வேலையை விட்டுவிட்டு மாடிப்படி ஏறி ஒரு தனியாளிடம் கணக்குப் பிள்ளையாகப் போகிறேனாம். பென்சன் போகுமாம். "உனக்குக் கோபம் வந்தா எல்லாத்தையும் ஒடைக்கணும்" என்றார்.

"கோபத்துல போகல. போகாம இருந்தாத்தான் கோபம்" என்றேன்.

"அங்கயும் நாலு மாசத்துல இதே பாட்டுப் பாடினா?"

அதே கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கதவை அறைந்தேன்.

மே 17, திங்கள்

இவர் காலையில் தேநீர் வைத்துத் தந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "எனக்கு ஒன்னும் வெளங்கல. லீவுல அங்க போன நாளெல்லாம் நீ வீட்டுல ஒருத்தரையும் ஏசல. அத மட்டும்தான் கவனிச்சேன். பிறகு உன் இஷ்டம்" என்றுவிட்டுப் போனார்.

ஜூன் 30, புதன்

கடைசி நாள். அதிபர் ஒரு பேனை தந்தார். "மிஸ் போறது எங்களுக்குப் பெரிய இழப்பு." இந்த முறை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். பொய் சொல்லும்போது மட்டும் பார்ப்பார்போலும்.

"இழப்பு இல்ல சேர். ஆனா டிசம்பர்ல யார் வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷம் வேலை செஞ்சவளுக்கு அது காணும், வேற ஒன்னும் வேணாம்" என்றேன்.

அவர் அழிறப்பரைத் தேடினார்.

பாயிஸாவிடம் மட்டும் நின்று பேசிவிட்டு வந்தேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஜூலை 11, ஞாயிறு

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.  சோறு போட்டுத் தந்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 9, வியாழன்

இங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. பஹ்மி பின்னேரம் நாலு மணிக்கு வேலையைக் கொண்டுவந்து இன்றைக்கே வேண்டும் என்கிறார். இன்றைக்கு அவரோடு நல்ல சண்டை. நான் கத்தினேன், அவரும் கத்தினார். பிறகு இரண்டு பேரும் அதே பிளேனில் குனிந்து ஒரு எல்லையைத் தேடினோம்.

அம்மா இன்னும் ஆட்களிடம் "டீச்சர்" என்றுதான் சொல்கிறாராம். கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

அக்டோபர் 16, சனி

ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டம். லயத்துக் குடும்பங்களுக்கு வீடு கட்டத் துண்டு துண்டாகக் காணி பிரிக்கிறார்கள். ஆள் குறைவு என்று பஹ்மி என்னையும் மலைக்குக் கூட்டிப்போனார். பனியில் எதிரே நின்றவரின் கையில் இருந்த அளவுகோல்கூடத் தெரியவில்லை. சப்பாத்துக்குள் அட்டை. ஏசிக்கொண்டேதான் நடந்தேன்.

எல்லை முளைகளை அடித்து முடித்தபோது ராக்கம்மா என்று ஒரு பெண் வந்தார். கொழுந்துப் பையைக்கூட இறக்கவில்லை. "எது வரைக்கும் எனக்கு?" என்று கேட்டார். முளைகளைக் காட்டினேன். ஒரு முளைக்கு இந்தப் பக்கம் காலை வைத்தார். "இங்க நின்னா?"

"உங்க எடம்."

அந்தப் பக்கம் வைத்தார். "இங்க?"

"அது பக்கத்து வீட்டுக்காரங்க எடம்."

போய்ப் புருஷனைக் கூட்டிவந்தார். அவரும் அதையே கேட்டார். அவருக்கும் சுற்றிக் காட்டினேன். நாலு முளைக்கும் நடந்தோம். முடிந்ததும் ராக்கம்மா, "ஒண்ணும் நெனைக்காதீங்க, இந்த மூலை மட்டும் வெளங்கல" என்றார். அதற்குள் மருமகளும் வந்து சேர்ந்தாள்.

மழை தூற ஆரம்பித்தது. கீழே வேனிலிருந்து பஹ்மி ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்று கத்தினேன். "இவங்களுக்கு இன்னொரு தரம் சொல்லிட்டு வாறேன்."