வாழ்த்து யானையைத் திரும்ப அழைத்துக்கொள்க

ஏரிகள் நிறைக. எல்லைக்கற்கள் இருந்த இடத்திலேயே இருக்க.

நீர்முள்ளி நாட்டின் நெடுங்குடை வேந்தர், மூன்று ஆறுகளுக்கும் முதல் நீர் திறந்துவிடும் கையினர், தந்தை வழியில் வந்த அரியணையில் எவரும் கேள்வி கேட்காதபடி இனிது வீற்றிருக்கும் இளவெயினர் கோமான் திருமுன்பு, கருநொச்சி நாட்டவையின் சொற்படி, திருமந்திர ஓலைநாயகம் பூதங்குடிக் காரி வணங்கி எழுதும் ஓலை. கோமானும் கோப்பெருந்தேவியாரும் இளவரசர்களும், தங்கள் அமைச்சர்களுள் இன்னும் பதவியில் இருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

தங்கள் யானைக் கொட்டிலின் அணியாகிய பூங்கொம்பன், பொன் நெற்றிப்பட்டத்தோடும், "மூன்றாம் முறையும் முடிசூடிய வேள்நம்பியார் வாழ்க" என்று இழைத்த பட்டுப் போர்வையோடும் எம் தலைநகர் வந்து சேர்ந்தான். யானை நலம். போர்வையில்தான் சிக்கல். குடம் திறந்து ஓலை எண்ணும் முன்பே தங்கள் வாழ்த்து வந்துவிட்டபடியால், அதை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் எம் வாயிற்காவலர் யானையை இன்னும் சந்தை வெளியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நடந்தது என்ன என்று தாங்கள் கேட்டிருப்பதால், மறைக்காமல் எழுதுகிறோம்.

எம் நாட்டில் அரசு பிறப்பால் வருவதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிகள் தமக்கு வேண்டியவர் பெயரை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். மிகுதியாகப் பெற்றவர் முறைமன்னர். இரண்டு முறைக்கு மேல் எவரும் அமரலாகாது என்று அவை வாசற்கல்லிலேயே வெட்டியிருக்கிறது. வேள்நம்பியார் இரண்டு முறையும் அமர்ந்து முடித்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். இரண்டு ஏரி வெட்டினார், ஒன்றில் தண்ணீரும் நிற்கிறது. ஆனால் பத்தாண்டு குடைக்குக் கீழேயே நடந்தவருக்கு வெயிலில் இறங்க மனம் வரவில்லை.

வாசற்கல்லைக் காட்டியபோது அவருடைய சட்ட வல்லார் ஒரு வழி கண்டு சொன்னார்கள். முதல் முறை அவர் ஆண்டபோது அரியணையின் காலைக் கறையான் அரித்திருந்தது. செப்பனிட்டுத் தருகிறேன் என்று கொண்டுபோன தச்சர் அந்த ஐந்தாண்டும் கொண்டுவரவில்லை. ஆகவே வேள்நம்பியார் ஒரு பலாப்பலகையில் அமர்ந்தே ஆண்டார். பலகையில் அமர்ந்தது அரியணையில் அமர்ந்ததாகாது. ஆகவே இப்போது அவர் கேட்பது இரண்டாம் முறைதான். இதைக் கேட்டு அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறோம்.

சிரிக்க வேண்டியவர்கள் திரைமன்றத்துக்குப் போனார்கள். சந்தையை ஒட்டிய அந்த மன்றத்தின் குறுக்கே பெருந்திரை ஒன்று தொங்கும். அதன் பின்புறம் பல வாசல்கள் உண்டு. எவரும் நுழைந்து பெயர் சொல்லாமல் பேசலாம். பேசியவர் யார் என்று தேடுவது குற்றம். முன்னே அமர்ந்து கேட்பவர்கள் பேச்சு பிடித்தால் திரைமேல் பொரி வீசுவார்கள், பிடிக்காவிட்டால் உமி வீசுவார்கள். குடிகள் அஞ்சாமல் உண்மை பேசட்டும் என்று முன்னோர் இதை ஏற்படுத்தினார்கள். முன்னோருக்கு நம்மைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை.

பலகை வழக்கு கிளம்பிய நாள் முதல் திரைமன்றத்தில் காது கொடுக்க முடியவில்லை. ஒரு குரல் வாசற்கல்லைப் பற்றிப் பேசினால், மறுகுரல் முந்தைய முறைமன்னர் மாந்தோப்பைச் சுருட்டியபோது நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்டது. பிடிக்கவில்லையென்றால் நாட்டைவிட்டுப் போ என்றது இன்னொன்று. பெற்ற தாயைப் பற்றிப் பேசாமல் எந்த வாதமும் முடியவில்லை. நடுநடுவே ஒருவர் தம் கூந்தல் தைலத்தின் மகிமையை எடுத்துரைத்துவிட்டுப் போனார். எம் குடத்தில் ஓலையிட உரிமையே இல்லாத தங்கள் நாட்டு உப்பு வணிகர்கள்கூடத் திரைக்குப் பின் வந்து தொண்டை கிழியப் பேசினார்கள் என்பதைக் கோமான் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். வாசலில் இருந்த பொரிக்காரர்கள் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. உமி விற்பவர்களும் அவர்களே ஆதலால், சண்டை ஓயாமல் நடக்க வேண்டும் என்பதொன்றே அவர்கள் கட்சியாக இருந்தது.

வேள்நம்பியாரின் ஆட்கள் வாடகைக் குரல்களை அமர்த்தி, பலகையின் புகழைப் பாடவைத்தார்கள். விழுந்ததெல்லாம் உமி. அரண்மனையில் இருந்த வேள்நம்பியாருக்கு அது பொறுக்கவில்லை. பின்னர் அவரே சொல்லி நாங்கள் அறிந்தபடி, பகலுணவுக்குப் பின் கண்ணயர்வதாகச் சொல்லிவிட்டு, முக்காடிட்டுக்கொண்டு, தாமே திரைக்குப் பின் போகத் தொடங்கினார். முதலில் ஒரு நெசவாளியாகப் பேசினார். பிறகு ஒரு கைம்பெண்ணாகப் பேசினார். வேள்நம்பியைப் போல் ஒருவர் இனிப் பிறக்கவே முடியாது என்று கைம்பெண் குரலில் அழுதும் பார்த்தார். உமி வந்தது. நாட்டுக்காக உழைத்த தம்மை நாடு இப்படி நடத்துகிறதே என்று அவர் மனம் உண்மையாகவே புண்பட்டது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. தம்மை எதிர்ப்பவன் ஒருவனைத் தாமே உண்டாக்குவது. அவனை மடையனாகப் பேசவைப்பது. எதிர்ப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று ஊர் முகம் சுளிக்கும்படி செய்வது. தொண்டையை இறுக்கி, கரகரவென்று ஒரு குரலை எடுத்தார். திரைக்குப் பின் வந்த சொல்லை வந்தபடியே எழுதுவது எம் மரபு ஆதலால் அப்படியே எழுதுகிறோம்: "வேள்நம்பி மூக்கப் பாத்திருக்கீங்களா? அதுக்குத் தனியா ஒரு குடை புடிக்கணும். அதான் கஜானா காலி."

பொரி விழுந்தது. ஒன்றிரண்டு பிடியல்ல, திரை முழுதும் மழை பெய்தது போல ஓசை கேட்டதாம். பத்தாண்டு ஆட்சியில் வேள்நம்பியார் கேட்ட கைதட்டல்களெல்லாம் காவலர் கண் காட்டியபின் எழுந்தவை. கண் காட்டாமல் எழுந்த மகிழ்ச்சியை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். மறுநாள் பலகையைப் புகழ வந்தவர், தம்மையறியாமல் கரகரக் குரலை எடுத்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அரண்மனையில் அமைச்சர்கள் காத்திருக்க, அவர் நாளை எதைச் சொல்லித் தம்மைத் தாமே கேலி செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். அந்நாட்களில் அவர் முகத்தில் இருந்த தெளிவைக் கண்டு, வெற்றி உறுதி என்று தங்கள் தூதர் தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். யானை புறப்பட்ட காரணம் இதுவென்றே எண்ணுகிறோம்.

அத்தோடு நின்றிருந்தால் மூக்கோடு போயிருக்கும். ஒருநாள் அவருடைய வாடகைக் குரல்களில் ஒன்று, உள்ளே இருப்பது தனக்குக் கூலி கொடுப்பவர் என்று அறியாமல், "வேள்நம்பி சோத்தத் தின்னுட்டு அவரையே குரைக்கிற கழுதை" என்று கரகரக் குரலை ஏசிற்று. கழுதை குரைக்காது என்று பின்வரிசையில் ஒருவர் திருத்தினார். வேள்நம்பியாருக்கோ தம் ஆளே தம்மைக் கழுதை என்றதில் தலைக்கேறிவிட்டது. எப்படியும் வாதில் வென்றாக வேண்டும் என்ற வெறியில், எந்த எதிரிக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்டுவிட்டார். சட்ட வல்லார் பலகையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் நெஞ்சுக்குள்ளேயே முள்ளாகக் கிடந்த கேள்வி அது.

"பலகையில குந்துனது ஆட்சி இல்லேங்கிற. சரி. அப்போ பலகையில குந்திக்கிட்டு நம்மகிட்ட வாங்குன வரி மட்டும் எப்படி வரியாச்சு? அந்த அஞ்சு வருஷத்து நெல்ல அளந்து குடுத்துட்டு அப்புறம் ஓலை கேக்கச் சொல்லு."

மன்றத்தில் இருந்த பொரியெல்லாம் தீர்ந்து, பொரிக்காரர்கள் கடையடைத்துவிட்டுப் போனார்கள். அன்று மாலைக்குள் அந்தக் கேள்வி சந்தையிலும் படித்துறையிலும் வண்டிப்பேட்டையிலும் உலவியது. வேள்நம்பியார் மறுநாள் ஓடிவந்து கைம்பெண் குரலில் மறுத்துப் பேசினார். அக்கைம்பெண்ணை வாடகைக் குரல் என்று சொல்லி ஊரே விரட்டியது.

குடம் திறந்தோம். வேள்நம்பியாருக்கு விழுந்த ஓலைகள் அவர் உறவினர் தொகையினும் குறைவு. மிகுதியான ஓலைகளில் குடிகள் எழுதியிருந்தது ஒன்றே: கரகரக் குரலோன். குடத்தில் இடும் பெயருக்கு முகம் இருக்க வேண்டும் என்று வாசற்கல்லில் எங்கும் வெட்டப்படவில்லை. ஆகவே, குரலோன் யாராயினும் அவைக்கு வந்து அரியணை ஏறுக என்று பறையறைவித்தோம். மறுநாள் காலை ஊரில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

வந்தவர்களையெல்லாம் பேசவைத்துக் கேட்டு, குடிகள் உமி வீசி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வேள்நம்பியார் எழுந்தார். வாய் திறவாதிருந்தால் அரியணை போகும். திறந்தால் மானம் போகும். அவர் அரியணையைத் தேர்ந்தார். முக்காடில்லாமல் அவை நடுவில் நின்று, அந்தக் கரகரக் குரலில், தம் மூக்கைப் பற்றி ஒரு சொல் சொன்னார். ஒருவருக்கும் ஐயம் இல்லை. முதலில் திகைப்பு, பிறகு சிரிப்பு, பிறகு பொரி. எவரை வேண்டாம் என்று எழுதினார்களோ அவரையே தோளில் தூக்க எம் குடிகள் ஓடினார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

அவை முதல்வர் நெடுங்கரை நங்கையார் கையமர்த்தினார். சான்று முழுமையாக வேண்டும் என்றும், குடிகளின் ஓலையைப் பெற்றுத் தந்த பலகைக் கேள்வியைக் குரலோர் மீண்டும் ஒருமுறை கேட்டருள வேண்டும் என்றும் வேண்டினார். வேள்நம்பியார் கேட்டார். முன்னினும் நன்றாகவே கேட்டார். முடிந்ததும் நங்கையார், இந்த வாதம் சரியா தவறா என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். தவறென்றால், பொய் சொல்லிப் பெற்ற ஓலைகளைக் குடத்திலிருந்து கொட்டிவிட வேண்டும். சரியென்றால், பலகை ஆண்டுகளும் ஆட்சியே. நின்றுகொண்டிருப்பவர் இரண்டு முறையும் அமர்ந்தவர். வாசற்கல் அவரை உள்ளே விடாது.

வேள்நம்பியார் காலடியில் கிடந்த பொரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கரகரப்பு நீங்கிய தம் குரலில், "சரியான கேள்விதான். அது எனக்கு மொதல்லயே தெரியும்" என்றார். அப்போது எமக்கு அவர்மேல் உண்மையான இரக்கம் உண்டாயிற்று. அடுத்து அவர் சட்ட வல்லார் எழுந்து, அவைமுன் நின்று சொன்னது அமர்ந்து சொன்னதாகாது என்று தொடங்கியதும் அந்த இரக்கம் போய்விட்டது.

அரியணை இல்லை என்று ஆனபின் வேள்நம்பியார் கேட்டது ஒன்றுதான்: திரைமன்றத்துக்கு இனியும் போகலாமா என்று. திரை எல்லோருக்கும் உரியது என்றது அவை. மறுநாள் பகலுணவுக்குப் பின் திரைக்குப் பின்னிருந்து வேள்நம்பியாரின் சொந்தக் குரல் கேட்டது. செய்தவற்றுக்கு வருந்துவதாகவும், தண்ணீர் நிற்காத ஏரியை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்றும் அக்குரல் சொன்னது. அவர் அத்தனை உண்மையாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. பொரியும் விழவில்லை, உமியும் விழவில்லை. முன்வரிசையில் இருந்த கீரைக்காரி ஒருத்தி, "யாருய்யா அது, வேள்நம்பி மாதிரி பேசிப் பாக்குறது? கொஞ்சங்கூட ஒட்டல. அந்தக் கரகரக் கொரல வரச் சொல்லு" என்றாள்.

பிறகு திரைக்குப் பின்னே தொண்டையைச் செருமுவது கேட்டது. கரகரக் குரல் பேசத் தொடங்கியது. பொரி விழுந்தது.

ஆகவே கோமான் செய்தருள வேண்டியவை. மறுகுடம் வைக்கும் வரை நாட்டவையே ஆள்வதால், வாழ்த்து பெறுவதற்கு இங்கு இப்போது எவரும் இல்லை. திரைமன்ற வாசலில் சிந்திக் கிடக்கும் பொரியைத் தின்று பழகிவிட்ட பூங்கொம்பன் எம் பாகர் சொல்லுக்கு நகர மறுக்கிறான். அவன் சொல் கேட்கும் பாகரை விரைந்து அனுப்புக. உப்பு வணிகர்கள் இனி உப்பு மட்டும் விற்கக் கட்டளையிடுக. பட்டுப் போர்வையைத் திருப்பித் தரமாட்டோம். அதை அரியணைக்கு எதிர்ச்சுவரில், அமர்பவர் கண்ணில் நாள்தோறும் படும்படி மாட்டிவைக்க அவை ஆணையிட்டிருக்கிறது.

தங்கள் நாட்டிலும் இத்தகைய திரை ஒன்று அமைக்க விரும்பி அதன் நீள அகலம் கேட்டிருந்தீர்கள். இவ்வோலையோடு அளவுகயிறு வருகிறது. ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறோம். திரையின் முன்னே கோமான் எத்தனை நாள் வேண்டுமானாலும் அமர்ந்து கேட்கலாம். பின்னே ஒருநாளும் போகலாகாது.

அவையோர் அறிய, நங்கையார் சொல்ல, வெண்மெழுகில் பலகை முத்திரை இட்டது. பழைய அரியணை முத்திரை மறுகுடம் வரை பெட்டியில் இருக்கும். இவ்வெழுத்து ஓலைநாயகம் காரியின் எழுத்து.